கணினி பழுதானால் ரயில் நிற்குமா?

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில், ஒரு நொடியில் 83 மீட்டரைத் தாண்டிவிடும். பிரேக் போட்டு நிற்க 3 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். கம்பத்தில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து நிறுத்துவதெல்லாம் நடக்காத காரியம். அதனால்தான் 1964-இல் ஜப்பானில் ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் ஓடத் தொடங்கியபோதே சிக்னல் ஓட்டுநர் அறைக்குள் வந்துவிட்டது. எவ்வளவு தூரம், என்ன வேகம் என்று இன்று கணினிதான் கணக்குப் போடுகிறது. மீறினால் தானே பிரேக்கும் போடுகிறது.

சரி, அந்தக் கணினியை எதை வைத்து நம்புவது?

பழைய ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சிக்னலில் இந்தக் கேள்விக்கு எளிய பதில் இருந்தது. தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் ஏறினால் சக்கரமும் அச்சும் குறுக்கே பாலம் போட, ரிலேக்கு மின்சாரம் போகாது. தன் எடையாலேயே விழுந்து சிவப்பு காட்டும். ஒயர் அறுந்தாலும் அதேதான். பழுது எப்போதும் நல்ல பக்கமாகவே சாயும், ஏனென்றால் புவியீர்ப்பு லீவு போடுவதில்லை. கணினிக்கு அப்படி ஒரு புவியீர்ப்பு கிடையாது. உள்ளே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, மாறினால் சிவப்பு பச்சையாகலாம், பச்சை சிவப்பாகலாம்.

ஆகவே ஒரே கணக்கை மூன்று கணினிகளிடம் கொடுக்கிறார்கள். இரண்டின் விடை ஒத்துப்போக வேண்டும். முரண்டு பிடிப்பதை வெட்டி விடுவார்கள். ஆனால் மூன்றிலும் ஒரே மென்பொருள், அதில் ஒரே பிழை என்றால்? மூன்றும் ஒருமனதாகத் தப்புச் சொல்லும்.

ஓட்டிப் பார்த்துச் சோதிக்கலாமே என்று தோன்றும். ரயில் சிக்னலுக்கான ஐரோப்பியத் தரவிதியின் உச்சப் பாதுகாப்புப் படியில், ஆபத்தான பழுது 10 கோடி மணி நேரத்துக்கு ஒரு முறைகூட வரக் கூடாது. அது 11,400 ஆண்டுகள்! அதனால் கணிதத்தையே துணைக்கு அழைக்கிறார்கள். பாரிஸ் மெட்ரோவின் 14-ஆம் தடம் 1998-இல் திறந்தபோது, பாதுகாப்பு மென்பொருள் விதிகளின்படியே நடக்கும் என்பதை 'பி' என்ற கணித முறையில் நிரூபித்திருந்தார்கள். விதியே தப்பாக இருந்தால் இந்த நிரூபணம் உதவாது. அதற்காகத்தான், தயாரித்தவர்களோடு சேராத இன்னொரு குழு உட்கார்ந்து 'இது போனால் என்ன ஆகும், அது போனால் என்ன ஆகும்' என்று குடைகிறது. கேபிளைப் பிடுங்குவது, பாதியில் மின்சாரத்தை நிறுத்துவது, செய்தியைத் தாமதமாக அனுப்புவது எல்லாம் சோதனையில் உண்டு.

என் கணக்கில், மிக மோசமான பழுது பழைய தகவல்தான். 2011 ஜூலை 23 அன்று சீனாவின் வென்சோ அருகே இடி விழுந்தது. தண்டவாளத் தகவலைச் சேகரிக்கும் கருவியில் ஃபியூஸ் போனது. கட்டுப்பாட்டுக் கணினியோ கடைசியாகக் கிடைத்த 'தடம் காலி' என்ற நிலையையே பிடித்துக்கொண்டு இருந்தது. அந்தத் தடத்தில் ஒரு ரயில் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் வந்த ரயில் மோதி 40 பேர் இறந்தார்கள். ரிலேயாக இருந்தால் விழுந்திருக்கும்.

வேல்ஸின் கேம்பிரியன் தடத்தில் 2017 அக்டோபரில் சிக்னல் கணினி தானாக மறுதொடக்கம் ஆனது. தற்காலிக வேகக் கட்டுப்பாடுகள் அதன் நினைவுக்குத் திரும்பவில்லை. கட்டுப்பாட்டு அறைத் திரையில் மட்டும் அவை பத்திரமாக இருப்பதாகவே தெரிந்தது. 30 கிலோமீட்டரில் போக வேண்டிய இடத்தை மறுநாள் ஒரு ரயில் சுமார் 80-இல் கடந்தது. யாருக்கும் அடியில்லை. 'என் திரையில் ஏதோ சரியில்லை' என்று ஓர் ஓட்டுநர் தகவல் கொடுத்த பிறகே விஷயம் வெளியே வந்தது.