வேலை முடிந்தும் பெயர் வெட்டப்படாத பொருள்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக் கூடம்தான் என் அலுவலகம். ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு செம்பனை ஆலைக்கு நான் எழுதிக் கொடுத்த எடைமேடைச் செயலி, சில மாதங்களாக மூன்று நாளுக்கு ஒருமுறை செத்து விழுந்துகொண்டிருந்தது. அது விழுந்தால் குலை ஏற்றி வந்த லாரிகள் வாசலில் வரிசை கட்டிவிடும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைத்தாக வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கக் கட்டற்ற கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். முதலில் பதறிப்போய் ஃபோன் செய்துகொண்டிருந்த எடைக் கிராணி, பிறகு அழைப்பதையே விட்டுவிட்டார். "எதற்குத் தம்பி உங்களுக்குச் சிரமம்? நானே நிறுத்திப் போட்டுவிடுகிறேன்" என்றார். அவர் திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'ஒருநாள் விட்டு ஒருநாள், காலை, ரீஸ்டார்ட்.' பதினைந்து வருட அனுபவக்காரனுக்கு அதைவிட அவமானம் வேண்டாம்.

செயலி, மைக்ரோசாஃப்ட்டின் இணையச் செயலிக் கட்டமைப்பான ஏஎஸ்பி டாட்நெட் கோரில் எழுதியது. நான்கு ஆண்டுகள் விண்டோஸ் சர்வரில் ஐஐஎஸ் என்ற இணையச் சேவையகத்தின் கீழ் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. செலவைக் குறைக்க 2 ஜிபி நினைவகம் கொண்ட லினக்ஸ் கணினிக்கு மாற்றினோம். அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லை. எல்லோரும் லினக்ஸைத் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன். உண்மை வேறு. ஐஐஎஸ் தன் இயல்பான அமைப்பில் 1740 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது 29 மணி நேரத்துக்கு ஒருமுறை, செயலியைத் தானே புதிதாகத் தொடங்கிவிடும். என் ஓட்டையை நான்கு ஆண்டுகள் அதுதான் மூடி வைத்திருந்தது. லினக்ஸில் அப்படி மூட யாரும் இல்லை.

நினைவகம் ஏறுவதை மட்டும் பார்த்து 'லீக்' (நினைவகக் கசிவு) என்று முடிவுகட்டக் கூடாது. நிரல் உருவாக்கிய பொருள்களில் (ஆப்ஜெக்ட்) வேண்டாதவற்றை அகற்றும் டாட்நெட்டின் கார்பேஜ் கலெக்டர், இடம் இருக்கும்வரை சோம்பலாகத்தான் இருக்கும். வரைபடம் ரம்பப் பல்போல ஏறி இறங்கும். உச்சியைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் எங்கே வந்து இறங்குகிறது என்று பாருங்கள். டாட்நெட் கவுன்டர்ஸ் கருவியை ஓடவிட்டபோது, நெடுநேரம் தங்கியவற்றையும் அலசும் இரண்டாம் தலைமுறைச் சுத்திகரிப்பு நடந்த பிறகும், பொருள்கள் தங்கும் நினைவகப் பகுதியான ஹீப்பின் அடிமட்டம் மணிக்கு மணி உயர்ந்துகொண்டே போனது. இது சோம்பல் அல்ல. யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்.

தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, லாரி இல்லாத வேளை பார்த்து, டாட்நெட் டம்ப் கொண்டு நினைவகத்தைப் படி எடுத்தேன். அந்த நேரம் செயலி உறைந்து நிற்கும் என்பதால் வேளை பார்த்துச் செய்ய வேண்டும். படி எடுத்த கோப்பில் ஓட்டுநர்களின் அடையாள அட்டை எண் முதல் தரவுத்தளக் கடவுச்சொல் வரை எல்லாம் இருக்கக்கூடும். அதை வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பி 'கொஞ்சம் பாருங்கள்' என்று கேட்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பொருள்களை வகைவாரியாக எண்ணியதும், மேடையின் எடையைப் படிக்கும் என் சிறிய கிளாஸின் (பொருள் வகையின்) பிரதிகள் மட்டும் 21,600 உயிரோடு இருந்தன. அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டு விநாடிக்கு ஒருமுறை எடை படிக்கிறோம். மணிக்கு 1800, பன்னிரண்டு மணி நேரத்துக்கு 21,600. பிறந்ததில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஒவ்வொன்றும் 16 கேபி பஃபர் (தற்காலிகத் தரவு இடம்) வைத்திருந்தது; நாளுக்குச் சுமார் 675 எம்பி. 2 ஜிபி கணினி மூன்றாம் நாள் விழாமல் என்ன செய்யும்? நான் பத்து நிமிடம் ஓட்டிச் சோதித்தபோது 5 எம்பிகூட ஏறியிருக்காது.

இத்தனைக்கும் ஒவ்வொன்றையும் பயன்படுத்தி முடித்ததும், அது பிடித்திருக்கும் வளங்களை விடுவிக்கும் டிஸ்போஸை அழைத்திருந்தேன். பலரும் வழுக்கி விழுவது இங்கேதான். தோட்டத்துக் கிராணியின் வருகைப் பதிவேடான செக்ரோலை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றவர் பெயர் அதில் ஏறும். அவர் நடுப்பகலில் வீட்டுக்குப் போய்விட்டாலும், கிராணி புத்தகத்தை மூடும்வரை பெயர் அதிலேயே இருக்கும். டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் கன்டெய்னரும், அதாவது நிரலுக்குத் தேவையான பொருள்களை உருவாக்கித் தரும் பகுதியும், அப்படித்தான். டிஸ்போஸ் செய்ய வேண்டிய (டிஸ்போசபிள்) வகைப் பொருளை உருவாக்கித் தரும்போது, அது கேட்கும்போதெல்லாம் புதிதாகப் பிறக்கும் டிரான்சியன்டாக இருந்தாலும், அந்த ஸ்கோப்பின் (அப்பொருள் வாழும் எல்லையின்) பட்டியலில் குறித்துக்கொள்கிறது. ஸ்கோப் மூடும்போது மறக்காமல் டிஸ்போஸ் செய்யத்தான் அந்தக் குறிப்பு. நாம் முந்திக்கொண்டு டிஸ்போஸ் செய்தாலும் பட்டியலில் உள்ள பெயர் அழியாது. பெயர் இருக்கும்வரை கார்பேஜ் கலெக்டர் கை வைக்காது.

இணையப் பக்கங்களில் இது தெரியவில்லை. அங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி ஸ்கோப் திறந்து, பதில் போனதும் மூடிவிடுகிறது. எடை படிப்பதோ பின்னணிச் சேவை; அது சிங்கிள்டன், செயலி ஓடும்வரை ஒன்றே ஒன்றாக இருப்பது. அதை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டரில் வந்து சேரும் சர்வீஸ் புரொவைடர் (பொருள்களைக் கேட்டு வாங்கும் வழி), எல்லா ஸ்கோப்புக்கும் மேலான வேர்க் கன்டெய்னரையே காட்டும். அந்தப் புத்தகம் செயலி நிற்கும்போதுதான் மூடும். ஒரு பொருளை யார் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும் ஜிசிரூட் கட்டளை காட்டிய சங்கிலியும் அங்கேதான் போய் முடிந்தது: என் பொருள், ஒரு லிஸ்ட், அதைப் பிடித்திருக்கும் சர்வீஸ் புரொவைடர் எஞ்சின் ஸ்கோப். உங்கள் டம்பில் இந்த மூன்றும் ஒரே சங்கிலியில் வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

திருத்தம் நான்கே வரி. சர்வீஸ் புரொவைடருக்குப் பதில், புதிய ஸ்கோப் திறந்து தரும் ஸ்கோப் ஃபேக்டரியை வாங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஸ்கோப் திறந்து, எடையைப் படித்து, மூடினேன். பொருளை நாமே 'நியூ' போட்டு உருவாக்கினாலும் கன்டெய்னருக்கு அதில் வேலை இல்லை. மற்ற கன்டெய்னர்களில் வழக்கம் மாறும்: காஸில் வின்ட்சரில் தானே கண்காணிக்கும் பொருளை ரிலீஸ் சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஆட்டோஃபேக் டாட்நெட் போலவே ஸ்கோப்பில் குறித்து வைக்கும், சிம்பிள் இன்ஜெக்டர் டிரான்சியன்டைக் கண்காணிக்காது, எச்சரிக்கும். கன்டெய்னரை மாற்றுகிறவர்கள் இதைப் படிக்காமல் மாற்றுவது எனக்குப் புரியாத துணிச்சல்.

டாட்நெட்டில் உள்ள ஸ்கோப் சரிபார்ப்பு நம்மைக் காப்பாற்றாதா என்று கேட்கலாம். உருவாக்கச் சூழலில் அது இயல்பாகவே இயங்குகிறது. ஸ்கோப்டு பொருளை (ஸ்கோப்புக்கு ஒன்றாக இருப்பதை) வேரிலிருந்து கேட்டால் பிடித்துக் கத்தும். வேரிலிருந்து கேட்ட டிரான்சியன்டைப் பார்த்தும் பார்க்காததுபோல் விட்டுவிடும். என் ஓட்டை அந்த இரண்டாம் வகை.

திருத்திய கையோடு, நிரலில் சர்வீஸ் புரொவைடரைக் கையில் எடுக்கும் இடங்களையெல்லாம் தேடினேன். இன்னொன்று சிக்கியது: விலைப்பட்டியலைக் காக்கும் ஒரு சிங்கிள்டன், தனக்கென்று, தரவுத்தளத்தோடு பேசும் டிபிகான்டெக்ஸ்ட் ஒன்றை உருவாக்கிச் செயலி நிற்கும்வரை வைத்திருந்தது. அது படித்த ஒவ்வொரு வரியும், மாற்றங்களைக் கவனிக்கும் அதன் சேஞ்ச் டிராக்கரில் குந்தியிருந்தது. சிறிய பட்டியல் என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை. அதையும் மாற்றினேன்.

ஆறு வாரமாக ஹீப்பின் அடிமட்டம் அசையவில்லை. போன வெள்ளிக்கிழமை ஆலைக்குப் போனபோது சீட்டு இன்னும் திரையில் இருந்தது. இனி தேவையில்லை, கிழித்துவிடலாம் என்றேன். "இருக்கட்டும் தம்பி" என்றார் கிராணி, லாரியின் எடைச் சீட்டைக் கிழித்து ஓட்டுநரிடம் நீட்டியபடி.