ஒளியிறுகல்: ‘கியூரிங்’ என்பதற்குத் தமிழ்

ஹற்றனில் பல் அடைக்கப் போனவர்கள் அந்த நீல வெளிச்சத்தை அறிவார்கள். வைத்தியர் பசை போன்ற பொருளை 2 மில்லிமீற்றர் கனத்துக்குக் குழியில் வைத்து, செம்மஞ்சள் தடுப்பின் பின்னிருந்து 20 விநாடி அளவில் ஒளி பாய்ச்சி அதை இறுகச்செய்த பிறகே அடுத்த படையை வைப்பார். வைத்தியர்கள் இதைக் ‘கியூர் பண்ணுதல்’ என்பார்கள். என்னுடன் வந்திருந்த அத்தை, “சூடு வைக்கிறாங்களா?” என்று கேட்டார். அவருக்குச் சொல்ல ஒரு தமிழ்ச்சொல் அன்று என்னிடம் இருக்கவில்லை.

‘கியூரா’ என்ற இலத்தீன் சொல்லுக்குப் பராமரிப்பு என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து நோய் தீர்த்தலையும், பின்னர் மீனையும் இறைச்சியையும் உப்பிட்டுப் பதப்படுத்துவதையும் குறித்தது. அமெரிக்கரான சார்ள்ஸ் குட்இயர் 1839 இல் கந்தகத்தோடு இறப்பரைச் சூடாக்கி உறுதிப்படுத்தும் வழியைக் கண்ட பிறகு, இறப்பர்த் தொழிலும் அச்சொல்லை எடுத்துக்கொண்டது.

‘குணப்படுத்தல்’ இங்கே பொருந்தாது. ‘பதப்படுத்தல்’ என்றால் கருவாடுதான் நினைவுக்கு வரும். ‘கடினமாக்கல்’ பல்லடைப்புக்குச் சரியானாலும், ஒளியால் பிணைக்கப்பட்ட பின்னரும் மென்மையாகவே இருக்கும், ஆய்வுகூடங்களில் பயன்படும் ஜெலற்றின் கூழுக்குப் பிழையாகிவிடும். பாகும் இறுகும், முடிச்சும் இறுகும். பல்பகுதியச் (பொலிமர்) சங்கிலிகள் ஒன்றோடொன்று முடிச்சிட்டாற்போல் பிணைவதே இங்கு நடப்பதால், ‘ஒளியிறுகல்’ என்பதே பொருத்தமான சொல் என்பது என் உறுதியான கருத்து.

எந்த ஒளியும் இதைச் செய்துவிடாது. கலவையிலுள்ள ஒளித்தொடக்கி தனக்குரிய அலைநீளத்தை உறிஞ்சினால்தான் பிணைப்பு தொடங்கும். பல்லடைப்பில் பெரிதும் பயன்படும் கம்ஃபர்குவினோன் என்ற மஞ்சள் நிறத் தொடக்கி, 468 நனோமீற்றரை ஒட்டிய நீல ஒளியையே மிகுதியாக ஏற்கிறது. சிவப்பு ஒளியை எவ்வளவு பிரகாசமாகப் பாய்ச்சினாலும் அது அசையாது. திரவப் பிசினை ஒளியால் இறுகச்செய்யும் முப்பரிமாண அச்சுப்பொறிகளில் 405 அல்லது 385 நனோமீற்றர் ஒளி வழக்கம். அலைநீளம் குறையும்போது ஃபோட்டோனின் ஆற்றல் கூடுகிறது. ஆனால் பெரும்பாலான கலவைகளில் உறிஞ்சலும் சிதறலும் கூடுவதால், ஒளி ஆழமாக இறங்காமல் மேற்பரப்பு மட்டும் இறுகி அடிப்பகுதி கூழாகவே நின்றுவிடக்கூடும். உயிர்க்கலங்களைத் தாங்கும் மென்கூழ்களில் 365 நனோமீற்றர் கழியூதாக் கதிர் கலங்களுக்கே தீங்காகலாம் என்பதால், 405 நனோமீற்றரையோ பச்சை ஒளியையோ ஏற்கும் தொடக்கிகளை நாடுகிறார்கள்.

ஒளி எட்டி இறுகச்செய்யும் தூரத்தை ‘இறுகல் ஆழம்’ எனலாம். வைத்தியர் ஒவ்வொரு படையையும் 2 மில்லிமீற்றரில் நிறுத்துவது அந்த ஆழத்தைக் கருதித்தான்.