‘டிட்’ வந்த பிறகும் அந்த இ-டி எதற்கு?

இந்த வாரத்தில் இது நான்காவது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த பெண், ஒரு கம்பெனிக்கு அனுப்பப்போகும் மெயிலைக் கொண்டுவந்து காட்டினாள். விண்ணப்பித்து ஒரு மாதமாகியும் பதில் இல்லையாம். ‘ஐ டிட் நாட் ரிசீவ்ட் எனி ரிப்ளை’ என்று, ரிசீவின் கடைசியில் இறந்தகாலத்துக்கான இ, டி (ed) எழுத்துகளோடு எழுதியிருந்தாள். நான் சிவப்புப் பேனாவை எடுத்ததுமே, “பாஸ்ட் டென்ஸ்தானே சார்? இ-டி போட்டிருக்கேனே” என்றாள்.

போட்டதுதானம்மா பிரச்சினை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியறையில் 15 வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். திருப்பாப்புலியூர்ப் பிள்ளைகளும் சரி, நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருபவர்களும் சரி, இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். நடந்து முடிந்த விஷயம் என்றால் கண்ணில் படும் வினைச்சொல்லில் எல்லாம் இ-டி ஒட்டு என்று சின்ன வயதில் யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். வி ஒன், வி டூ, வி த்ரீ என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கவும் வைத்திருக்கிறார்கள். எந்த ‘வி’யை எங்கே வைப்பது என்பதை மட்டும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் இந்த விதி நம் வாயிலேயே இருக்கிறது. ‘முடித்தேன்’ என்கிறோம். அதற்குள் இருக்கும் ‘த்’ இறந்தகால இடைநிலை. பகுபத உறுப்பிலக்கணம் எழுதி மார்க் வாங்கியவர்கள்தானே நாம்? சரி, அதையே எதிர்மறையாக்குங்கள். ‘முடிக்கவில்லை.’ அந்த ‘த்’ எங்கே போனது? ‘முடித்தவில்லை’ என்று மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லாது. ‘இல்லை’ வந்ததும் வினைச்சொல் காலத்தைக் கழற்றி வைத்துவிட்டு ‘முடிக்க’ என்று வெறுமனே நிற்கிறது. ‘டிட் நாட் ஃபினிஷ்’ என்பதும் அதே கதைதான். டூவின் இறந்தகாலம் டிட். காலத்தை அது சுமந்துகொண்டு முன்னால் போகிறது, பின்னால் வரும் ஃபினிஷ் எதற்கு இன்னொரு மூட்டையைத் தூக்க வேண்டும்?

கேள்வியில் தமிழ் கைகொடுக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘முடித்தாயா?’ என்று கேட்கும்போது நம் வினைச்சொல் ‘த்’தை விடுவதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் ‘டிட் யூ ஃபினிஷ்ட்?’ என்று வருகிறது. அங்கேயும் ஃபினிஷ்தான். ‘டஸ்’ வந்தால் கடைசி எஸ்ஸும் போய்விடும்: ‘ஷி வாக்ஸ்’, ஆனால் ‘டஸ் ஷி வாக்?’.

இதைச் சொல்லித் திருத்தினால் அடுத்த வாரமே ‘ஐ ஹேவ் நாட் ஃபினிஷ்’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். திட்டு வாங்கிய பயத்தில் இருக்க வேண்டிய இ-டியையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். ஹேவ், ஹேஸ், ஹேட் வந்தால் இ-டி இருக்கத்தான் வேண்டும். ‘முடித்திருக்கிறேன்’, ‘முடித்திருக்கவில்லை’ இரண்டையும் பாருங்கள். ‘முடித்து’ இரண்டிலும் அசையவில்லை, மாறியதெல்லாம் ‘இரு’தான். ஃபினிஷ்ட் அந்த ‘முடித்து’, ஹேவ் அந்த ‘இரு’. என்ன, நமக்குக் காலம் கடைசியில் ஏறும், அவர்களுக்கு முதல் சொல்லில் ஏறும்.

ஹேட் பற்றித் தனியாகவே ஒரு புலம்பல் உண்டு. ‘நேத்து பாண்டிக்குப் போயிருந்தேன்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதை அப்படியே ‘எஸ்டர்டே ஐ ஹேட் விசிட்டட் பாண்டிச்சேரி’ ஆக்காதீர்கள். முடிந்துபோன இன்னொரு விஷயம் பக்கத்தில் இருந்து, அதற்கும் முன்னால் இது நடந்தது என்று காட்டத்தான் ஹேட். வெறும் நேற்று என்றால் ‘ஐ விசிட்டட்’ போதும். எஸ்டர்டேயோடு ஹேவும் சேராது.

12 டென்ஸ் சார்ட்டை லேமினேட் செய்து சுவரில் மாட்டும் அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளையை அதைக் காட்டி மிரட்டாதீர்கள். ஒழுங்கான ஆங்கில வினைச்சொல்லுக்கு இருப்பதே 4 உருவம்: வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங். நடந்தேன், நடந்தோம், நடந்தாய், நடந்தான், நடந்தாள், நடந்தது என்று இறந்தகாலத்திலேயே அதைவிட அதிகம் புழங்குகிற பிள்ளை அது. பாண்டியில் பிரெஞ்சு எடுத்துப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள், அங்கே நான், நீ, நாம் என்று ஆள் மாற மாற விகுதி மாறும்.

உச்சரிப்பில் ‘ஆஸ்கெட்’, ‘வாஷெட்’ வேண்டாம். வாஷ்ட் என்பதில் ‘பட்டு’வின் ட் ஓசை, ப்ளேட் என்று விளையாடியதைச் சொல்லும்போது ‘படம்’ என்பதில் வரும் மெல்லிய ஓசை. வான்ட், நீட் மாதிரி டீ (t) எழுத்திலோ டி (d) எழுத்திலோ முடியும் சொல்லுக்கு மட்டும்தான் தனியாக ‘இட்’ வரும். எழுதும்போது ஸ்டாப்டுக்கு இரண்டு பி. ரிஃபர்டுக்கு இரண்டு ஆர், ஆஃபர்டுக்கு ஒன்றே ஒன்று, ஏனென்றால் ஆஃபரில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. ஸ்டடியின் ஒய் ஐயாக மாறும், ப்ளேயின் ஒய் மாறாது. ‘டிட் நாட் யூஸ் டு’வில் டி கிடையாது. அதில் பெரிய பெரிய ஆட்களே தடுக்கி விழுவார்கள் என்பதால் பிள்ளைகளை நான் திட்டுவதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றுதான். ராத்திரி படுக்கப்போகும் முன் அன்று செய்த ஐந்து வேலையைச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் உடனே ‘இல்லை’ என்று மாற்றுங்கள், அப்புறம் கேள்வியாக்குங்கள். ‘ஐ குக்ட். ஐ டிடின்ட் குக். டிட் ஐ குக்?’ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொன்னால் இ-டி எங்கே இருந்தது, எங்கே கழன்றது என்று காதுக்குத் தெரியாது.

அந்தப் பெண் மெயிலைத் திருத்தி அனுப்பிவிட்டாள். நேற்று வகுப்புக்கு வரவில்லை. ராத்திரி வாட்ஸ்அப்பில் ‘ஸாரி சார், ஐ டிடின்ட் ஃபினிஷ் தி ஹோம்வொர்க்’ என்று வந்தது. வீட்டுப்பாடம் ஏன் முடிக்கவில்லை என்று கேட்கவே எனக்கு மறந்துபோய்விட்டது.