ஐ.நா. சாசனத்தைத் திருத்துவது எப்படி? 108, 109ஆம் பிரிவுகளின் விளக்கம்

ஐ.நா. பாதுகாப்புச் சபையை விரிவுபடுத்த வேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம், ஐந்து வல்லரசுகளின் வீட்டோ, அதாவது தடுப்பதிகாரம், இருக்கும்வரை எதுவும் நடக்காது என்ற பதிலும் உடனே வந்துவிடுகிறது. அது பாதி உண்மை மட்டுமே. வீட்டோ எந்தக் கட்டத்தில் செல்லும், எந்தக் கட்டத்தில் செல்லாது என்பதைச் சாசனம் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறது. சீர்திருத்தம் தேங்கிக் கிடப்பதற்கான காரணங்களில் சில சாசனத்துக்கு வெளியே, உறுப்பு நாடுகள் பின்னாளில் தாங்களே விதித்துக்கொண்ட வரம்புகளில் இருக்கின்றன.

சாசனத்தின் பதினெட்டாம் அத்தியாயத்தில் இருப்பவை இரண்டே பிரிவுகள். 108ஆம் பிரிவின்படி ஒரு திருத்தம் இரண்டு கட்டங்களைக் கடக்க வேண்டும். முதலில், பொதுச் சபை உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஏற்று வாக்களிக்க வேண்டும். இன்றுள்ள 193 உறுப்பு நாடுகளில் அது 129 வாக்குகள். அவைக்கு வந்து வாக்களித்தவர்களை மட்டும் வைத்து இந்த எண்ணிக்கை கணக்கிடப்படுவதில்லை என்பதால், வராமல் இருப்பதும் நடுநிலை வகிப்பதும் எதிர்த்து வாக்களிப்பதற்குச் சமமாகிவிடுகின்றன. இந்தக் கட்டத்தில் எந்த நாட்டுக்கும் வீட்டோ கிடையாது. இரண்டாவது கட்டம் பின்னேற்பு, அதாவது ஒவ்வொரு நாடும் தன் அரசியலமைப்பு வகுத்த நடைமுறைப்படி அந்தத் திருத்தத்தை உறுதிசெய்வது. மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் அவ்வாறு உறுதிசெய்ய வேண்டும். அவற்றுள் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் இருந்தே தீர வேண்டும். ஐவரின் தடுப்பதிகாரம் செயல்படுவது இங்கேதான். பின்னேற்புக்குக் காலக்கெடு எதையும் சாசனம் விதிக்கவில்லை. திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டால், எதிர்த்து வாக்களித்த நாடுகளையும் சேர்த்து எல்லா உறுப்பினர்களையும் அது கட்டுப்படுத்தும்.

வாக்கெடுப்பும் பின்னேற்பும் தனித்தனிக் கட்டங்களாக இருப்பதன் பயனை 1963ஆம் ஆண்டு நிகழ்வில் காணலாம். 1945இல் 51 நாடுகளோடு தொடங்கிய அமைப்பில் அப்போது உறுப்பினர் எண்ணிக்கை 110ஐத் தாண்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள். பாதுகாப்புச் சபையில் இருந்ததோ 11 இடங்கள்தான். அதை 15 ஆக உயர்த்தவும், தீர்மானம் நிறைவேறத் தேவையான வாக்குகளை 7இலிருந்து 9 ஆக மாற்றவும், பொருளாதார சமூகக் கவுன்சிலின் 18 இடங்களை 27 ஆக்கவும் பொதுச் சபை 1963 டிசம்பர் 17 அன்று முடிவெடுத்தது. அன்றைய வாக்கெடுப்பில் சோவியத் ஒன்றியமும் பிரான்சும் எதிர்த்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் நடுநிலை வகித்தன. நிரந்தர உறுப்பினர்களில் ஆதரித்து வாக்களித்தது அப்போது தைவானிலிருந்து இயங்கிய சீனக் குடியரசு ஒன்றுதான். ஆயினும் இரண்டே ஆண்டுகளுக்குள் ஐந்து நாடுகளும் பின்னேற்பு வழங்க, 1965 ஆகஸ்ட் 31 அன்று அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. உறுப்பினர்களில் மிகப் பெரும்பான்மையோர் பெயர் பதித்து ஏற்றுக்கொண்டுவிட்ட ஒன்றைத் தனித்து நின்று முடக்குவதற்கான அரசியல் விலையைச் செலுத்த எந்த வல்லரசும் அப்போது விரும்பவில்லை என்றே இதைப் புரிந்துகொள்கிறேன்.

பொருளாதார சமூகக் கவுன்சிலின் முதல் தலைவராக 1946இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆற்காடு இராமசாமி முதலியார். இந்தியாவின் சார்பில் சான் பிரான்சிஸ்கோவில் சாசனத்தில் கையொப்பமிட்ட இருவரில் ஒருவரும் அவரே. 1973இல் நடைமுறைக்கு வந்த இன்னொரு திருத்தத்தால் கவுன்சிலின் இடங்கள் 54 ஆயின.

108ஆம் பிரிவு குறிப்பிட்ட ஒரு திருத்தத்துக்கான வழி என்றால், 109ஆம் பிரிவு சாசனம் முழுவதையும் மறுஆய்வு செய்வதற்கான மாநாட்டைப் பற்றியது. 1945இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய சிறிய நாடுகள் வீட்டோவை மனமுவந்து ஏற்கவில்லை. பிற்காலத்தில் அதைத் திரும்ப ஆராய ஒரு வாய்ப்பேனும் வேண்டும் என்று கேட்டன. அதற்குக் கிடைத்த சமரசமே இந்தப் பிரிவு. பொதுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளும், பாதுகாப்புச் சபையில் ஏதேனும் ஒன்பது உறுப்பினர்களின் வாக்குகளும் கிடைத்தால் மாநாட்டைக் கூட்டலாம். "ஏதேனும்" என்ற சொல் இங்கே மிகவும் முக்கியமானது. அந்த ஒன்பதில் நிரந்தர உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம் என்பதால், மாநாடு கூடுவதை வீட்டோவால் தடுக்க முடியாது. மாநாடு பரிந்துரைக்கும் மாற்றங்கள் நடைமுறைக்கு வர ஐவரின் பின்னேற்பு வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை.

பத்தாவது ஆண்டுக் கூட்டத்தொடருக்குள் மாநாடு நடக்காவிட்டால், அதைக் கூட்டும் யோசனை தானாகவே நிகழ்ச்சிநிரலில் இடம்பெற வேண்டும் என்றும், அப்போது பொதுச் சபையின் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்றும் மூன்றாம் உட்பிரிவு சொன்னது. 1955இல் அந்த நேரம் வந்தது. மாநாடு "தகுந்த தருணத்தில்" நடத்தப்படும் என்று பொதுச் சபை நவம்பர் 21 அன்று முடிவெடுத்து, எல்லா உறுப்பினர்களும் அடங்கிய ஒரு குழுவையும் அமைத்தது. பாதுகாப்புச் சபை அடுத்த மாதமே அதற்கு இசைந்தது. தேதி மட்டும் குறிக்கப்படவில்லை; மாநாடு இன்றுவரை கூடவுமில்லை. கொள்கையளவில் வென்றுவிட்ட ஒரு முடிவு, நாள் குறிக்காத ஒரே காரணத்தால் இத்தனை ஆண்டுகள் கிடப்பில் கிடப்பது வருத்தத்துக்குரியது.

அடுத்த வரம்பு 1998இல் வந்தது. பாதுகாப்புச் சபை விரிவாக்கத்தை ஆராய 1993இல் எல்லா நாடுகளுக்கும் திறந்த ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டிருந்தது. 1997இல் பொதுச் சபைத் தலைவராக இருந்த மலேசியாவின் ரசாலி இஸ்மாயில், பாதுகாப்புச் சபையை 24 இடங்களாக்கும் ஒரு படிப்படியான திட்டத்தை முன்வைத்தார். முதலில் அடிப்படைத் தீர்மானம், பிறகு நாடுகளின் தேர்வு, கடைசியில் சாசனத் திருத்தம் என்பது அவர் வகுத்த வரிசை. முதல் படிக்கு, அவையில் வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு போதும் என்ற வாதம் அப்போது இருந்தது. அந்த வாதத்துக்கு இடமில்லாதபடி, இந்தப் பொருள் குறித்த எந்தத் தீர்மானத்துக்கும் முடிவுக்கும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும் என்று 53/30 எண்ணுள்ள தீர்மானம் 1998 நவம்பர் 23 அன்று வரையறுத்தது. சாசனத் திருத்தத்துக்கு உரிய உயர்ந்த அளவுகோல், அதற்கு முந்தைய இடைக்காலத் தீர்மானங்களுக்கும் இவ்வாறு நீண்டுவிட்டது. 2008இல் எடுத்த முடிவின்படி 2009இல் தொடங்கிய அரசுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தை, உறுப்பு நாடுகள் மிகப் பரவலாக ஏற்கக்கூடிய தீர்வைத் தேட வேண்டும் என்ற நோக்கத்தோடு பொதுச் சபையின் முறைசாரா அமர்வுகளில் நடந்துவருகிறது. அதற்கு முடிவு நாள் எதுவும் இல்லை.

மறுஆய்வுக்கு நாள் குறிப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது அன்று. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டம், நடைமுறைக்கு வந்து ஏழு ஆண்டுகள் கழித்து மறுஆய்வு மாநாட்டைக் கூட்ட வேண்டும் என்று பணித்தது. 2002இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்துக்கான மாநாடு 2010இல் கம்பாலாவில் கூடி, ஆக்கிரமிப்புக் குற்றத்துக்கு வரையறையும் வகுத்தது. மனித உரிமைகள் பேரவையின் தகுதிநிலையைப் பத்து ஆண்டுகளுக்கு முன்னதாகவோ பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரோ மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2011இல் பொதுச் சபை சொன்னது. அதன்படி 2021க்கும் 2026க்கும் இடைப்பட்ட காலமே அந்த மறுபரிசீலனைக்கு உரியது.

சாசனத்தின் சொற்களைத் தொடாமலேயே சில மாற்றங்கள் நடந்திருக்கின்றன. 23ஆம் பிரிவு இன்றும் நிரந்தர உறுப்பினர்களாகச் சீனக் குடியரசையும் சோவியத் ஒன்றியத்தையுமே குறிப்பிடுகிறது. அந்த இருக்கைகளில் 1971 முதல் சீன மக்கள் குடியரசும், 1991 இறுதி முதல் ரஷ்யாவும் அமர்கின்றன. நிரந்தர உறுப்பினர் நடுநிலை வகிப்பது வீட்டோ ஆகாது என்பதும் நடைமுறையில் உருவாகி, 1971இல் சர்வதேச நீதிமன்றத்தால் ஏற்கப்பட்ட விளக்கமே. ஆனால் இடங்களைக் கூட்டுவது போன்ற மாற்றங்களுக்கு இந்த வழி உதவாது. இரண்டாம் உலகப் போரின் "எதிரி நாடுகள்" பற்றிய குறிப்புகளை நீக்க 2005 உலக உச்சிமாநாட்டில் தலைவர்கள் ஒப்புக்கொண்டனர். 53, 77, 107ஆம் பிரிவுகளில் அவை அப்படியே நிற்கின்றன.