நாற்றம் வந்ததும் திறக்கிற வாளி

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் ராத்திரி இரண்டு மணிக்குக் காற்றில் ஒரு நெடி வருகிறது என்று வையுங்கள். கண் எரியும், தொண்டை கரகரக்கும். அரை மணி நேரத்தில் காற்று திரும்பிவிடும். காலையில் புகார் சொன்னால், வந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் பொய் சொல்கிறார் என்றும் இல்லை.

தேசியக் காற்றுக் கண்காணிப்புத் திட்டத்தின்படி ஒரு நிலையம் வாரத்தில் இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள்தான் காற்றை எடுக்கும். முக்கியமாகப் பார்ப்பது தூசி, கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் டைஆக்சைடு. 24 மணி நேரச் சராசரியில் அந்த அரை மணி நேரம் கரைந்துபோகும். ரசாயன ஆலைகளிலிருந்து கிளம்பும் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. அந்தச் சேர்மங்களில் ஒன்றான பென்சீனுக்கே இந்தியாவில் காற்றுத் தர வரம்பு வந்தது 2009இல்தான்.

2004இல் கடலூர் சிப்காட் பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் அந்த அரை மணி நேரக் காற்றைப் பிடிக்கக் கையில் எடுத்தது மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி. இந்த யோசனை பிறந்தது கலிஃபோர்னியாவில். 1994இல் ரோடியோ என்ற ஊரில் யூனோகால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து 16 நாள் ரசாயனம் கசிந்தது. மக்களுக்காக வழக்காடிய எட்வர்ட் மேஸ்ரி, சாதாரண ஆட்களே காற்றைப் பிடிக்க மலிவான கருவி ஒன்று வேண்டும் என்று பொறியாளர்களைக் கொண்டு இதைச் செய்ய வைத்தார்.

வாளிக்குள் டெட்லர் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பை ஒன்று சப்பையாகக் கிடக்கும். பையின் வாய் ஒரு வால்வு வழியாக மூடியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூடியில் இன்னொரு துளை. அதில் சின்ன உறிஞ்சு பம்ப். பம்ப் இழுப்பது பைக்குள் இருக்கும் காற்றை அல்ல, பையைச் சுற்றி வாளிக்குள் இருக்கும் காற்றை. அங்கே அழுத்தம் குறைந்ததும் வெளிக்காற்று வால்வு வழியே தானாகப் பைக்குள் புகும். உதரவிதானம் கீழிறங்க நுரையீரல் நிரம்புவதும் இப்படித்தான். பிடித்த காற்று பம்பைத் தொடுவதே இல்லை. அதனால் பம்பின் எண்ணெயோ அழுக்கோ மாதிரியில் கலக்காது. எனக்கு இந்தக் கருவியில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

இரண்டு மூன்று நிமிடத்தில் பை நிரம்பிவிடும். அப்புறம்தான் அவசரம். பையின் சுவர் வழியே சேர்மங்கள் மெல்லக் கசியும். கந்தகச் சேர்மங்கள் ஒரு நாளுக்கு மேல் நிலைக்காது. கடலூர்ப் பைகள் அமெரிக்க ஆய்வகம் ஒன்றுக்குப் போயின. அங்கே காற்றை நீளமான மெல்லிய குழாய் ஒன்றில் செலுத்துவார்கள். ஒவ்வொரு சேர்மமும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். வந்ததை எலக்ட்ரான்களால் மோதி உடைத்து, துண்டுகளின் நிறையை அளந்தால் அது எந்தச் சேர்மம் என்று தெரிந்துவிடும். கடலூர் மாதிரிகளில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை உட்பட 20க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருந்தன.

எப்போது வால்வைத் திறப்பது என்று சொல்வது மூக்கு. ஹைட்ரஜன் சல்பைடு நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே அழுகிய முட்டை நாற்றம் தெரியும். அதனால் நாற்றம் எப்படி இருந்தது, எத்தனை மணிக்கு, எந்தத் திசைக் காற்றில் என்று நோட்டில் எழுதி வைப்பது வாளியைப் போலவே முக்கியமான வேலை. மூக்குக்கும் எல்லை உண்டு. பென்சீன் நம் மூக்குக்கு எட்டும் முன்பே தீங்கு செய்யும் அளவைத் தாண்டியிருக்கும். இப்போது மலிவாகக் கிடைக்கும் லேசர் சென்சார்களும் இதற்கு உதவாது. அவை தூசியைத்தான் எண்ணும். கடலோர ஈரப்பதத்தில் அந்த எண்ணிக்கையும் ஏறிவிடும்.

மூன்று நிமிடக் காற்றை ஆண்டுச் சராசரி வரம்போடு ஒப்பிடலாமா என்று ஆலைக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரே பையை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. அதே நாற்றத்துக்குத் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டும். கூடவே, ஆலைக்குக் காற்று வந்து சேரும் பக்கத்தில் நின்று இன்னொரு பையும் நிரப்ப வேண்டும். அந்தப் பையில் இல்லாத சேர்மம், ஆலையைத் தாண்டி வந்த காற்றைப் பிடித்த பையில் இருந்தால், சாலையில் போகும் லாரிப் புகை என்று தள்ளிவிடுவது கஷ்டம்.