புகை இல்லாத தணலும் கொல்லும்

நவம்பர் கடைசியில் நீர்ப்பனி மாறி உறைபனி விழ ஆரம்பித்தால், ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தா புல்வெளியைப் படமெடுக்க விடியற்காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். எங்கள் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கும் அப்போதிலிருந்தே, அறைக்குள் தணல் வைத்துத் தூங்கி மயங்கிய ஆட்கள் வரத் தொடங்குவார்கள். பிப்ரவரி வரைக்கும் இதே கதைதான்.

இந்த முறை வந்தது கீழே சமவெளியிலிருந்து வந்த ஒரு குடும்பம். காட்டேஜ் முற்றத்தில் கோழி சுட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். மிச்சமிருந்த தணலைத் தகரத் தட்டோடு தூக்கிப் போய்ப் படுக்கையறையில் வைத்துவிட்டு, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார்கள். நடுராத்திரியில் பாத்ரூம் போக எழுந்த பெரியவர் தடாலென்று விழுந்த சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்டதால் எல்லோரும் பிழைத்தார்கள். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்ற மைத்துனர் என்னிடம் சொன்னது இது: “புகை எல்லாம் அடங்கினதுக்கு அப்புறம்தான் சார் உள்ளே வெச்சோம். நாங்க கவனமாத்தான் இருந்தோம்.”

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. படித்தவர், படிக்காதவர், உள்ளூர், வெளியூர் என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லோரும் இதையே சொல்கிறார்கள். அதனால் பொறுமையாகவே விளக்கிவிடுகிறேன். புகை வேறு, கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு வேறு. புகை கண்ணை எரிக்கும், இருமலை வரவழைக்கும், உங்களைத் திட்டி வெளியே விரட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, எரிச்சலும் இல்லை. கரி சிவந்து, புகையே இல்லாமல் தகதகவென்று கனன்றுகொண்டிருக்கும்போதுதான் அந்த வாயு தாராளமாக வரும். புகை விடக்கூடிய சமாச்சாரமெல்லாம் விறகைச் சுட்டுக் கரியாக்கும்போதே போய்விட்டது. மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கார்பன். அடைத்த அறையில் அது முழுதாக எரியப் போதுமான காற்று கிடைக்காது. ஆகவே புகை அடங்கக் காத்திருந்து உள்ளே கொண்டுபோகிறவர், எச்சரிக்கை மணியை மட்டும் வெளியே கழற்றி வைத்துவிட்டு ஆபத்தை உள்ளே எடுத்துப் போகிறார். சாம்பல் பூத்துப் பாதி அணைந்த தணலும் இப்படித்தான். “அணையப்போகுது, விடுங்க” என்று யாரும் சொல்லாதீர்கள்.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னும் சில நம்பிக்கைகள் இருக்கின்றன. வாளித் தண்ணீர் வைத்தால் வாயுவை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். இழுக்காது. அது தண்ணீரில் கரைவதே அபூர்வம். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தோம் என்பார்கள். அது போதாது. கூரையில் ஸ்மோக் டிடெக்டர் இருக்கிறது என்பார்கள். அதற்குப் புகைதான் தெரியும், இந்த வாயு தெரியாது. இந்த வாயுவுக்கென்றே தனி அலாரம் விற்கிறார்கள். அறை வாடகைக்கு விடுகிற காட்டேஜ் முதலாளிகள் முதலில் அதை வாங்கிப் பொருத்தட்டும். எல்லாவற்றையும்விட என்னைக் கடுப்பேற்றுவது, “ரூம் ஹீட்டர் ஆக்சிஜனைக் குடித்துவிடும், அதனால்தான் கரி வைத்தோம்” என்பது. மின்சார ஹீட்டர் எதையும் எரிப்பதில்லை, எரிப்பது கரிதான்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜன் ஏற்கெனவே ஏறத்தாழ கால் பங்கு குறைவு. இந்த வாயுவோ, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விளைவை நான் சொல்லத் தேவையில்லை.

வரும் அறிகுறிகளும் ஏமாற்றுகிற ரகம். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், கைகால் சோர்வு. குடித்தவர்கள் ஹேங்ஓவர் என்று நினைப்பார்கள், குடிக்காதவர்கள் கொண்டை ஊசி வளைவையோ ராத்திரி சாப்பிட்ட பிரியாணியையோ பழி சொல்வார்கள். எலுமிச்சை பிழிந்து கொடுத்துத் திரும்பப் படுக்க வைத்த வீடுகளும் உண்டு. ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாகத் தலை வலித்தால், அதுவும் வெளியே வந்ததும் கொஞ்சம் தெளிந்தால், வாயுவைச் சந்தேகியுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி, “98 காட்டுது, ஒண்ணுமில்லை” என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ரத்த வாயுப் பரிசோதனையில்தான் குட்டு வெளிப்படும். (இளம் மருத்துவர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். அதிகாலையில் 98-ஐப் பார்த்துவிட்டு வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பிவிடாதீர்கள்.)

சுற்றுலாப் பயணிகளை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? கட்டட வேலைக்கு வந்து தகர ஷெட்டில் தங்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் கலவைச் சட்டியிலேயே தணல் போட்டுக் காய்கிறார்கள். அவர்களிடம் வேறு என்ன இருக்கிறது? ஒப்பந்தக்காரர்கள் ஆளுக்கு இரண்டு கம்பளி வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பிரசவம் ஆன வீடுகளில் அறையை அடைத்துக் கரிச்சட்டி வைப்பது இன்னொன்று. பாட்டிமார்களே, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. பேரப்பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வாசலில் ஒரு நிமிஷம் காட்டிவிட்டுச் சட்டியை வெளியேயே வையுங்கள். (குழந்தை மருத்துவர்கள் அதற்கும் என்னைத் திட்டுவார்கள்.) அந்தச் சட்டி தாயும் சேயும் தூங்கும் அறைக்குள் மட்டும் வரவே கூடாது. கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும், வயிற்றுப் பிள்ளையின் ரத்தம் இந்த வாயுவை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரும் இதே வகைதான். கீசரை வெளிச்சுவரில் மாட்டி வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே இழுங்கள்.

அப்புறம் கார். குடும்பத்தை காட்டேஜில் இறக்கிவிட்டு, டிரைவர் வண்டியிலேயே படுப்பார். வெளியே 2 டிகிரி. எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தூங்குவார். சைலன்சரில் சின்ன ஓட்டை இருந்தாலும், வண்டியின் பின்பக்கம் மண்சுவரையொட்டி நின்றாலும், மூடிய ஷெட்டில் நின்றாலும் புகைக்குழாயில் வருவது உள்ளேயே திரும்பும். விடுதிகள் ஓட்டுநர்களுக்குத் தங்குமிடம் தர வேண்டும் என்று தமிழ்நாடு கட்டட விதிகளில் 2023-இல் திருத்தமே கொண்டுவந்தார்கள். அறை பதிவு செய்யும்போது “டிரைவருக்கு எங்கே படுக்கை?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களைக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றி, மறுநாள் இறக்கப் போகிறவர் அவர். வேறு வழியே இல்லாமல் வண்டியில்தான் படுக்க வேண்டுமென்றால், எஞ்சினை அணைத்துவிட்டு, குல்லா, கையுறை, இரண்டு ஜோடி சாக்ஸ், மேலே கம்பளி. கண்ணாடி ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கட்டும்.

காட்டேஜ்காரர்களுக்கும் இதுவேதான். வெந்நீர்ப் பை, கூடுதல் ரஜாய், மின்சார ஹீட்டர் போதும். ஹீட்டருக்குப் பெரிய பிளக் பாயின்ட் வேண்டும், மேலே துணி காயப்போடக் கூடாது. குளிருக்கு ரெண்டு பெக் என்பது சுத்தப் பேத்தல். மது தோலை மட்டும் சூடாக்கிக் காட்டிவிட்டு உடம்பின் வெப்பத்தை வெளியே விடும். தலைவலி வந்தாலும் எழுந்திருக்க விடாது. சோதனைச் சாவடியில் இ-பாஸ் பார்க்கிறார்கள், பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்குகிறார்கள். டிக்கியில் இருக்கும் கரி மூட்டையைக் காட்டி ‘வெளியே மட்டும்’ என்று ஒரு துண்டுச் சீட்டாவது கொடுக்கலாம்.

கரி மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலை விடுதியில் கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் ஒரே அறையில் இறந்தார்கள். நான்கு பேர் குழந்தைகள். அங்கே இருந்தது கேஸ் ஹீட்டர்.

யாராவது மயங்கிக் கிடந்தால் கதவை விரியத் திறந்து முதலில் ஆளை வெளியே இழுங்கள். அடுப்பு, பர்ஸ், செல்போன் எல்லாம் பிறகு. 108-ஐக் கூப்பிட்டு, ‘அறையில் தணல் இருந்தது’ என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் ஏறிய இந்த வாயு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். அதனால் “காற்றாட உட்கார்ந்தால் சரியாகிவிடும்” என்று விட்டுவிட வேண்டாம்.

பிழைத்தவர்களுக்கு ஒன்று. ஊருக்குப் போய்ச் சில நாட்களோ சில வாரங்களோ கழித்து மறதி, நடையில் தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல், குணத்தில் மாற்றம் வரலாம். எல்லோருக்கும் வராது. வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், கையோடு நாங்கள் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொண்டுபோங்கள். சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று ‘குளிர் ஒத்துக்கலை’ என்று சொல்லி மறைத்தால், அந்த மருத்துவர் வேறெங்கோதான் தேடிக்கொண்டிருப்பார்.