பாலிமர் கிளே கம்மல் ஏன் உடைகிறது?

போன ஆடி மாதம் நான் விற்ற ஒரு ஜோடிக் கம்மல் திரும்பி வந்தது. செம்பருத்திப் பூ வடிவம், இரண்டு மில்லிமீட்டர் தடிமன். ஒன்று முழுசாக இருந்தது, இன்னொன்று இரண்டாக உடைந்திருந்தது. "தலை துவட்டும்போது டவலில் மாட்டிப் பட்டென்று உடைஞ்சிடுச்சுக்கா" என்று வாங்கிய பெண் எழுதியிருந்தார். உடைந்த விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பிஸ்கட்டை உடைத்தால் தெரியுமே, அந்த மாதிரிச் சொரசொரப்பு. நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தது. பாலிமர் கிளே என்பது கையால் பிசைந்து வடிவமாக்கி அடுப்பில் வேகவைக்கும் செயற்கைக் களிமண். நன்றாக வெந்தால் அது இப்படி உடையாது. வளையும். ரொம்ப வளைத்தால் மடிப்பில் வெளுக்கும். அதற்கும் மேலே போனால்தான் கிழியும். ஆக, அந்தக் கம்மல் வேகவே இல்லை.

வேகவில்லை என்றால் சரியாக என்ன நடக்கவில்லை? அதைப் புரிந்துகொண்டால் இந்தத் தொழிலில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

டெரகோட்டா நகை நமக்கெல்லாம் பழக்கம். குயவர் மண்ணைக் குழைத்து, நிழலில் காயவைத்து, சூளையில் வைத்தால் முதலில் ஈரம் போகும். 500 டிகிரியைத் தாண்டும்போது மண்ணின் படிகத்துக்குள்ளேயே கட்டுண்டிருக்கும் நீரும் வெளியேறும். அதனால்தான் டெரகோட்டா சுருங்குகிறது, அவசரப்பட்டால் வெடிக்கிறது. பாலிமர் கிளே அந்த வழியே போவதில்லை. அதிலிருந்து எதுவும் வெளியேற வேண்டியதில்லை. வெயிலில் ஒரு வாரம் வைத்தாலும் "காயாது", ஏனென்றால் அதில் தண்ணீரே கிடையாது.

அதில் இருப்பது பிவிசி, நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயில் இருக்கும் அதே பிளாஸ்டிக். இங்கே அது மாவை விட நுண்ணிய பொடியாக இருக்கிறது. அந்தப் பொடிகளுக்கு நடுவே எண்ணெய் போன்ற ஒரு திரவம், நெகிழ்வூட்டி. தொழிலில் பிளாஸ்டிசைசர் என்பார்கள். இவற்றோடு நிறமியும் கொஞ்சம் வெள்ளை நிரப்புப் பொடியும் சேர்ந்ததுதான் நாம் வாங்கும் கட்டி. மேட்டூரில் கெம்ப்ளாஸ்ட் சன்மார் ஆலை தயாரிக்கும் பிவிசி பேஸ்ட் ரெசினும் இந்த இனம்தான். அது பெரும்பாலும் செயற்கைத் தோல் செய்யப் போகிறது.

பிவிசியை நெகிழவைக்கும் வித்தை 1926-ல் அமெரிக்காவில் கிடைத்தது. பிஎஃப் குட்ரிச் நிறுவனத்தின் வால்டோ செமன் என்ற வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். யாருக்கும் பயன்படாமல் கிடந்த பிவிசியை எளிதில் கொதிக்காத ஒரு கரைப்பானில் போட்டுச் சூடாக்கினார். பசை கிடைக்கவில்லை, ஆறியபோது இழுபடும் ஜெல்லி கிடைத்தது. நம் அடுப்புக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

ஜவ்வரிசிப் பாயசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் போட்ட ஜவ்வரிசி முதலில் தனித்தனி வெள்ளை மணிகளாகக் கிடக்கும். சூடு ஏற ஏறத் தண்ணீரை உறிஞ்சி உப்பும், கண்ணாடி போலத் தெளியும், கிளறாமல் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். பிவிசித் துகளும் அப்படித்தான். அறைச் சூட்டில் அது நெகிழ்வூட்டியைக் கிட்டத்தட்டச் சீண்டுவதே இல்லை, அதனால்தான் கட்டி மாதக்கணக்கில் பிசையும் பதத்தில் இருக்கிறது. அடுப்பில் சூடேறும்போது துகள்கள் திரவத்தை உள்ளே இழுத்து உப்புகின்றன. இன்னும் சூடேறினால் பக்கத்துப் பக்கத்துத் துகள்களின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் எல்லை தாண்டி ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்கின்றன. துகள் என்ற தனி ஆள் மறைந்து, முழுத் துண்டும் ஒரே பொருளாகிறது. வெந்தபின் நிறம் ஒரு பொட்டு ஆழமாகத் தெரிவதும் இதனால்தான்: ஒளியைச் சிதறடித்த துகள் விளிம்புகள் பெரும்பாலும் இப்போது இல்லை.

பாயசத்தோடு உள்ள ஒப்புமை ஒரு இடத்தில் நின்றுவிடும். தண்ணீர் ஆவியாகும், நெகிழ்வூட்டி இந்தச் சூட்டில் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். சுருக்கமே தெரியாததற்கு அதுதான் காரணம்.

இனி என் செம்பருத்திக்கு வருகிறேன். துகள்கள் உப்பி ஒட்டிக்கொண்டன, ஆனால் சங்கிலிகள் பின்னிக்கொள்ளும் அளவுக்குச் சூடு கிடைக்கவில்லை. தொட்டால் கெட்டியாகத்தான் இருக்கும், வண்ணமும் அழகாகத்தான் இருக்கும். இழுவை வந்தால் துகள் எல்லைகள் வழியே பிளந்துவிடும். அந்தப் பிஸ்கட் விளிம்புக்கு அர்த்தம் இதுதான்.

எவ்வளவு சூடு வேண்டும் என்பது கட்டியின் உறையிலேயே இருக்கும். ஃபிமோ என்ற பிராண்டுக்கு 110 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். ஸ்கல்பி பிரீமோ என்ற இன்னொரு பிராண்டுக்கு 130 டிகிரி, ஆறு மில்லிமீட்டர் தடிமனுக்கு 30 நிமிடம். பிளாஸ்டிக் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், துண்டின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர நேரம் பிடிக்கும், அதனால்தான் இந்தத் தடிமன் கணக்கு.

அளவு எழுதியிருக்கிறதே, அப்புறம் எங்கே தப்பு? அடுப்பில். என் ஓடிஜியின் (மேசை மேல் வைக்கும் சின்ன மின் அடுப்பு) திருகு 130 காட்டியபோது, உள்ளே தனியாக ஒரு அடுப்பு வெப்பமானி வைத்துப் பார்த்தேன். முள் 105-ஐத் தாண்டவில்லை. அப்புறம் ஒரு சுற்றில் கம்பி சிவந்து 140 வரை போய் மறுபடி இறங்கியது. சின்ன அடுப்புகளுக்கு இந்த ஆட்டம் சகஜம். இப்போது தரை ஓடு ஒன்றை உள்ளே வைத்து அடுப்போடு சேர்த்துச் சூடாக்குகிறேன். ஓடு சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்வதால் ஏற்ற இறக்கம் குறைகிறது. துண்டுகளை அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி, அலுமினியத் தாளால் கூடாரம் போல மூடிவிடுவேன், கம்பியின் அனல் நேரே படாது. வெப்பமானி முள் சரியான இடத்துக்கு வந்தபிறகுதான் நேரத்தை எண்ண ஆரம்பிப்பேன். ஒரு வெப்பமானி வாங்காமல் இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம் என்று கேட்கிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

சூடு கூடினாலும் ஆபத்துதான். அளவுக்கு மீறிச் சுட்டால் பிவிசி சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு கழன்றுபோகிறது. மூக்கையும் தொண்டையையும் எரிக்கும் வாயு அது. அது போன இடத்தில் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உருவாகி, நீல ஒளியை உறிஞ்ச ஆரம்பிக்கின்றன. முதலில் மஞ்சள், பிறகு பழுப்பு, கடைசியில் கரி. வெள்ளையும் ஒளி ஊடுருவும் வகையும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். கருகும் வாடை வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வெளியே போய்விட வேண்டும். சமைக்கிற அடுப்பையே இதற்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

புதிதாகச் செய்கிறவர்களைக் குழப்புவது இன்னொன்று. அடுப்பிலிருந்து எடுத்ததும் துண்டு ரப்பர் மாதிரித் துவளும். வேகவில்லை என்று பயப்பட வேண்டாம், சூட்டில் சங்கிலிகள் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஆறட்டும், அதன் பிறகு சோதியுங்கள்.

இந்தப் பொருளின் அழகு எனக்கு முதலில் புரிந்தது கம்மலில் இல்லை, கேனில், அதாவது உள்ளே படம் ஓடும்படி வண்ணங்களை அடுக்கிச் செய்யும் உருளையில். திருவிழாவில் ஜவ்வு மிட்டாய்க்காரர் கழியில் சுற்றிய வண்ணப் பட்டையை இழுத்து இழுத்துக் குழந்தைகள் கையில் கடிகாரம் கட்டுவாரே, எவ்வளவு மெலிந்தாலும் அந்த ரோஸும் வெள்ளையும் கலப்பதில்லை. பாலிமர் கிளேயிலும் அப்படித்தான். ஐந்து சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு பூவை உருளையாக அடுக்கி, சுற்றிலும் அழுத்தி இழுத்தால் ஒரு சென்டிமீட்டராக மெலிந்த பிறகும் உள்ளே அதே பூ இருக்கும். விட்டம் ஐந்தில் ஒரு பங்கானால் நீளம் 25 மடங்கு. ஒரு பூவை வெட்ட வெட்ட நூற்றுக்கணக்கில் கம்மல் பூக்கள். இத்தாலியின் முரானோ தீவுக் கண்ணாடிக்காரர்களின் மில்லெஃபியோரி வேலையும் இதே தந்திரம்தான், அவர்கள் உருகிய கண்ணாடியில் செய்கிறார்கள்.

பொம்மைக்காகத் தொடங்கிய பொருள் இது. ஜெர்மனியின் புகழ்பெற்ற பொம்மைக் கலைஞர் கேத்தே க்ரூஸெயின் மகள், வீட்டில் ஃபிஃபி என்று அழைக்கப்பட்டவர், பொம்மைத் தலை செய்ய ஏற்ற பொருளைத் தேடினார். பிறகு தனக்குக் கிடைத்த கிளேயை ஃபிஃபி மொசைக் என்ற பெயரில் விற்று, 1964-ல் எபர்ஹார்ட் ஃபாபர் நிறுவனத்திடம் கொடுத்தார். ஃபிமோ என்ற பெயரில் இன்னும் அவர் இருக்கிறார்.

விற்பனைக் கணக்கைச் சொல்லாமல் விட மனமில்லை. 57 கிராம் கட்டி ஒன்றில் எனக்கு ஏழெட்டு ஜோடி வருகிறது. செலவு கட்டியில் இல்லை, பிசைவதிலும் தேய்ப்பதிலும் போகும் மணிநேரத்தில் இருக்கிறது. அந்த நேரத்துக்கு விலை வைக்காதவர்கள்தான் ஆறு மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். மெருகுக்கு நகப்பூச்சு மட்டும் அடிக்காதீர்கள். அதுவும் நெகிழ்வூட்டியும் ஒன்றையொன்று இளக்கி, மாதங்கள் கழித்துப் பிசுபிசுக்கும். அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், வாங்கியவர் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது ஒவ்வொரு ஈடு வேகும்போதும் அதே கட்டியில் அதே தடிமனுக்கு ஒரு பட்டையையும் கூடவே வைக்கிறேன். ஆறியதும் அதை விரலில் சுற்றி வளைப்பேன். உடைந்தால் அந்த ஈடு முழுவதும் திரும்ப அடுப்புக்குப் போகும். பாதி வெந்ததை மறுபடி வேகவைக்கலாம், நின்ற இடத்திலிருந்து துகள்கள் தொடரும். செம்பருத்தி ஈட்டில் விற்காமல் மீதி ஐந்து ஜோடி இருந்தது. அவற்றையும், உடைந்த அந்தத் துண்டுகளையும், வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே 130 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். மறுநாள் உடைந்த இதழை எடுத்து வளைத்தேன். விரலோடு வளைந்து, விட்டதும் நிமிர்ந்துகொண்டது. ஐந்தில் ஒரு ஜோடியை அன்றைக்கே அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன்.